பார்க்கும் முன்னே சொன்னவர்

துப்பாக்கி சுடும் களத்தில் ஒருவன் சுட்டு முடித்ததும் முதலில் செய்கிற வேலை, பக்கத்தில் முக்காலி மேல் நிற்கும் தொலைநோக்கிக்குள் கண்ணை விடுவது. ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையில் தோட்டா எங்கே பட்டது என்று தெரிந்தால்தான் அவனுக்கு மூச்சு வரும். நல்ல இடத்தில் பட்டிருந்தால் அப்படித்தான் நினைத்தேன் என்பான். மோசமாகப் பட்டிருந்தால் காற்று, வெயில், தோட்டா, பக்கத்தில் இருமியவன் என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். பினாங்கில் எங்கள் கிளப்பில் ஒழுங்காக வந்து சுட்டவர்கள் முப்பது பேர். அதில் இருபத்தொன்பது பேர் இந்த ரகம். நானும்தான்.

மிச்சம் இருந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அவர் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்தார். அதனால் எங்களுக்கு அவர் கிராணி அக்கா. சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா ரயில்வேயில் எழுத்து வேலைக்கு வந்தவர். மூன்று தலைமுறை இந்த மண்ணில் இருந்தும் அக்கா வாயில் ஆமாம் என்பதற்கு அந்த 'ஓம்' மட்டும் போகவில்லை. ஒல்லியான உடம்பு, எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. எனக்கு அப்போது முப்பத்துநாலு, அவருக்கு நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும்.

அவர் சுடுவார். சுட்ட கையோடு, துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே, "ஒம்பது. நாலு மணி" என்பார். அட்டையைக் கடிகார முகமாக வைத்துத் திசை சொல்வது எங்கள் வழக்கம். ஒம்பது என்பது நடு வட்டமான பத்துக்கு அடுத்த வட்டம், நாலு மணி என்றால் வலது பக்கம் கொஞ்சம் கீழே. சொன்னதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடது பக்கம் எழுதுவார். அதற்குப் பிறகுதான் தொலைநோக்கிப் பக்கம் தலை திரும்பும். பார்த்ததை வலது பக்கம் எழுதுவார். இடது பக்கத்துக்குத் தலைப்பு 'சொன்னது'. வலது பக்கத்துக்கு 'பட்டது'. விசை விடுபடுகிற அந்த ஒரு கணத்தில் குறி எங்கே நின்றது என்று சுட்டவனுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. நன்றாகச் சுடுகிறவர்கள் எல்லோரும் அதை மனசுக்குள் குறித்துக்கொள்வார்கள். வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அட்டை சொல்வதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

சுடுவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு கிளப்பில் எல்லோரும் வீட்டிலிருந்து ஏதாவது சமைத்துக் கொண்டுவருவோம். மற்றவர்கள் பாத்திரத்தின் மூடியைத் திறந்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். அக்கா திறக்கும்போதே, உப்பு ஒரு சிட்டிகை கூடிவிட்டது, தயிரோடு சாப்பிடுங்கோ என்று அறிவித்துவிடுவார். சாப்பிட்டுப் பார்த்தால் சரியாக ஒரு சிட்டிகைதான் கூடியிருக்கும். ஆபீசிலும் இப்படித்தானாம். சரக்குப் பட்டியலை மேலாளர் மேசையில் வைக்கும்போது, பதினாலாவது வரியில் ஒரு எண்ணை மாற்றி அடித்துத் திருத்தியிருக்கிறேன், திருத்திய இடம் தெரியும் என்று சொல்லியே வைப்பாராம். அந்த மேலாளர் அக்காவின் தாள்களைப் படிப்பதையே நிறுத்திவிட்டார் என்று கேள்வி. படித்து என்ன ஆகப்போகிறது?

கல்யாணம் ஆகாததற்கும் இதுவே காரணம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தைப்பிங்கிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுப்பதற்கு முன்பே, காலையில் எனக்குக் கோபம் வரும், வேலையை விட மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க மாட்டேன், துப்பாக்கி சுடப் போவேன் என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா தேநீரைக் குடிக்காமலே எழுந்துவிட்டாராம். சொல்லாமல் கட்டியிருந்தால் அவர்களுக்குத்தானே நட்டம் என்று எங்களிடம் கேட்பார்.

சார்ஜன் கதை ஒன்று உண்டு. போலீஸில் சார்ஜனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் கிளப்பில் இருந்தார். நிபோங் திபால்காரர், நல்ல மனுஷர், ஆனால் அவர் சுட்டால் அட்டை அம்மை போட்டது மாதிரி ஆகிவிடும். ஒரு மாநிலப் போட்டியில் அவருக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். வரிசையாக அட்டைகள் நிற்கும்போது கண் ஒரு கணம் தவறினால் பக்கத்து அட்டையில் சுட்டுவிடுவது உண்டு. எங்கள் ஆட்டத்தில் அதைவிட வெட்கமான தப்பு கிடையாது. அக்கா பதக்கத்துக்கு மிக அருகில் இருந்தார். கடைசிச் சுற்றில் ஒரு தோட்டாவைச் சார்ஜனின் அட்டையில் போட்டுவிட்டார். போட்டவுடன் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டு, பக்கத்து அட்டை, பத்து, நடு மையம் என்றார். அட்டையைப் போய்ப் பார்த்தால் சார்ஜன் வாழ்நாளில் சுடாத அழகான ஒரு பத்து அதில் இருந்தது. அந்த மனுஷர் அதைத் தொலைநோக்கியில் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாராம். நடுவர் அதைக் கழித்துவிட்டார். அக்காவுக்குப் பதக்கம் போயிற்று, சார்ஜனுக்குப் பத்து போயிற்று. மூன்று வாரம் அவர் அக்காவோடு பேசவில்லை. "சும்மா இருந்திருக்கலாம்லா, யாருக்கு என்ன கேடு" என்று என்னிடம் வந்து புலம்பினார்.

எனக்கும் அக்காமேல் முதலில் வந்தது மரியாதை என்று சொன்னால் அது பொய். எரிச்சல்தான் வந்தது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் மேற்பார்வையாளன். பிறர் தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். எல்லோரும் அக்கா மாதிரித் தாங்களே முன்வந்து சொல்ல ஆரம்பித்தால் என் பிழைப்பு என்னாவது? அதுவும் போக, தப்பு செய்தவன் கொஞ்சம் நெளிய வேண்டும், மழுப்ப வேண்டும், அப்புறம் மாட்டிக்கொள்ள வேண்டும். அப்படித்தானே உலகம் நடக்கிறது. இந்த அம்மாள் என்ன, பக்கத்தில் இருக்கிறவனையெல்லாம் கூச வைத்துக்கொண்டு?

இந்த எரிச்சல் போன விதத்தைச் சொல்ல வேண்டுமானால் புது ரைபிள் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

பினாங்குத் தீவையும் எதிர்க்கரையையும் இணைக்கும் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்க்கரையில் என் வீடு இருந்த பாகான் டாலாமிலிருந்து மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு வருவேன். தூரத்தில் கடலுக்கு நடுவே தூண்கள் மட்டும் நிற்கும். எங்கள் கிளப் ரைபிள்கள் எல்லாம் பழசு. பாயிண்ட் டூ டூ என்கிற சின்னத் தோட்டா போடும் துப்பாக்கிகள்தான், ஆனால் அவற்றின் குழல்கள் தேய்ந்து போயிருந்தன. நாம் நேராகச் சுட்டாலும் அவை தம் இஷ்டத்துக்கு ஒரு வட்டம் தள்ளிப் போடும். பத்து என்று எண் போட்ட நடு வட்டம் ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதில் தப்பினால் தப்பு என்னுடையதா துப்பாக்கியுடையதா என்று அந்தப் பழைய ரைபிள்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. எங்களில் பலருக்கு அது வசதியாகவும் இருந்தது.

தேசியப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜெர்மனியில் செய்த ஒரு புது ரைபிள் கிளப்புக்கு வந்தது. துல்லியத்துக்கென்றே செய்தது. சோதித்துப் பார்த்து, குறை இருந்தால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று ஏற்பாடு. சோதிக்கும் பொறுப்பு அக்காவுக்கு. அதில் யாருக்கும் இரண்டாவது எண்ணம் இருக்கவில்லை. மாநில அணிக்கு நாலு பேர். அக்கா அதில் ஒருவர், புது ரைபிளும் அவர் கைக்குத்தான் போகும். நான் ஐந்தாவது ஆள். யாராவது விலகினால் உள்ளே போகலாம். ஆறு வருஷமாக நான் ஐந்தாவது ஆளாகவே இருந்தேன்.

ஆயுத அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி செயலாளரிடம், அவர் ஒரு சீனப் பல் டாக்டர், கண்டிப்பான மனிதர். இன்னொன்று என்னிடம். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும், இரண்டு பேரும் இருக்கும்போதுதான் துப்பாக்கியைத் தொடலாம். போலீஸ் விதி அப்படி. சனிக்கிழமை பெட்டி வந்து இறங்கியது. திறந்து எண்களைச் சரிபார்த்தோம். அப்போது ஆபீஸ் அறையில் டெலிபோன் மணி அடிக்க, செயலாளர் எழுந்து போனார். பத்து நிமிஷம் அந்த ரைபிளும் நானும் தனியாக இருந்தோம்.

குழலை மரக்கட்டையோடு பிணைக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள் அடியில் இருந்தன. விரலால் தடவிப் பார்த்தேன். பெட்டியிலேயே அதற்கான திருப்புளி இருந்தது. போட்டுத் திருப்பினால் கொஞ்சம் இடம் கொடுத்தது. எனக்கு அது பொறுக்காது. ஒரு நாளைக்கு எத்தனை தட்டு சாமான்களை ஸ்க்ரூ தளர்வு என்று சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புகிறவன்! முன்னால் உள்ளதைக் கால் சுற்று முறுக்கினேன், பின்னால் உள்ளதையும் கால் சுற்று. விசையைச் சுற்றியிருந்த காப்பு வளையத்தில் ஒரு சின்ன அட்டை நூலில் கட்டித் தொங்கியது. ஜெர்மன் மொழியில் ஏதோ எழுதி, ஒரு ஸ்க்ரூவின் படம் போட்டு, அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. அதையும் பார்த்தேன். அது வாங்குகிறவர்களுக்குச் சொன்னது, என் போன்ற தொழில் தெரிந்தவனுக்கு இல்லை என்று முடிவு செய்து, கழற்றிப் பெட்டி மூடிக்குள் போட்டுவிட்டேன். செயலாளர் திரும்பி வந்தபோது நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை அக்கா வந்தார். மணல் மூட்டைகளை அடுக்கி அதன் மேல் ரைபிளைச் சாய்த்தார். செயலாளர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காற்று துளிகூட வீசவில்லை. கொடி துணி காயப்போட்டது மாதிரித் தொங்கியது. முதல் பத்து தோட்டா அருமையாகப் போயிற்று. சொன்னதும் பட்டதும் ஒன்றாக இருந்தன. செயலாளர் முகத்தில் சிரிப்பு வந்தது. இரண்டாவது பத்தில், நாலாவது தோட்டா. அக்கா "பத்து" என்று சொல்லி எழுதிவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலது பக்கம் "எட்டு, இரண்டு மணி" என்று எழுதினார்.

முந்தின நாள் ஸ்க்ரூவைத் திருப்பிய கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் ஐந்து தோட்டா பத்தில் பட்டன, திரும்ப ஒரு எட்டு, அதே இரண்டு மணி. குழல் சூடாகச் சூடாக அது கூடிக்கொண்டே போயிற்று. தோட்டா மாற்றிப் பார்த்தார். மணல் மூட்டையை மாற்றிப் பார்த்தார். குழலைத் துடைத்துவிட்டுச் சுட்டார். சொன்னது பத்து, பட்டது எட்டு. பழைய ரைபிள்களில் ஒரு வட்டம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் அத்தனை வருஷத்தில் அவர் நோட்டின் இரண்டு பக்கமும் இப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஸ்க்ரூ அதிகமாக இறுகினால் மரம் குழலை ஒரு பக்கமாக நெருக்கும், சூடேறினால் குழல் விலகும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நேற்று ஞாபகம் வராதது இன்று வரிசையாக ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் சாவி போகும், அறையில் தனியாகத் துப்பாக்கியைத் தொட்டதற்குக் கிளப்பைவிட்டே அனுப்பலாம். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நாற்பது தோட்டா முடிந்ததும் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரைபிளைத் திருப்பி அனுப்பச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதுகூட எனக்கு ஒரு வகையில் நிம்மதிதான். அவர் வேறு சொன்னார். போன மாதம் கண் டாக்டரிடம் போனாராம். வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது, இன்னும் லேசுதான் என்றாராம் டாக்டர். பழைய ரைபிளில் சுடும்போது அதை நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வழி இல்லை, இப்போது தெரிந்துவிட்டது, குறை என் கண்ணில், ரைபிளில் இல்லை, நான் அணியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று செயலாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு அறிக்கைத் தாளை எடுத்து அதையே எழுதவும் தொடங்கினார்.

செயலாளர் அணிப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, அப்படியானால் நீதான், தயாரா என்று கேட்டார். தயார் என்றேன். எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. அவர் டெலிபோன் பண்ண உள்ளே போனார்.

அக்கா எழுதிக்கொண்டே என்னிடம், "நல்ல ரைபிள் தம்பி. என்ர கண்ணால அதுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது. நீ வடிவாச் சுடு" என்றார்.

வருத்தப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பொறாமைப்பட்டிருந்தால் கொண்டாடியிருப்பேன். போயும் போயும் ஒரு துப்பாக்கிக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று ஒரு மனுஷி கவலைப்படுகிறாள், அதைக் கெடுத்தவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அக்கா, ஸ்க்ரூவ நான் முறுக்கிட்டேன். நேத்து பொட்டி வந்தப்ப."

ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். பேனாவை மூடிவிட்டு, "எவ்வளவு?" என்று கேட்டார்.

"கால் சுத்து. ரெண்டும்."

"முதல்ல முன்னாலயா, பின்னாலயா?"

முன்னால் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, செயலாளர் வந்ததும் நீயே சொல் என்றார். சொன்னேன். அந்த மனிதர் எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் தெரியாத ஒரு மொழியிலும் திட்டினார். சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அது நியாயம்தான், இரண்டு வருஷம் கழித்துத்தான் அது என் கைக்குத் திரும்பி வந்தது. அணியிலும் உனக்கு இடம் கிடையாது என்றபோது அக்கா குறுக்கிட்டார். சாவியை எடுத்தது அறையில் செய்த தப்புக்கு. யார் சுடுவது என்பதைச் சுடுவதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது என்றார். அவர் அப்படிச் சொன்னால் செயலாளர் கேட்டுக்கொள்வார்.

பெட்டி மூடியிலிருந்து அந்தச் சின்ன அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பின்னால் உள்ளதை முதலில், பிறகு முன்னால் என்று நான் முறுக்கியதற்கு நேர் எதிராகக் கால் கால் சுற்றுத் தளர்த்தினோம். மரம் பழைய நிலைக்கு வரட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு அக்கா பத்து தோட்டா சுட்டார்.

ஒன்பது தோட்டா சொன்ன இடத்தில் சொன்னபடி விழுந்தன. ஏழாவது மட்டும், சொன்னது பத்து, பட்டது எட்டு. இரண்டு மணி.

செயலாளர் உடனே, மரம் இன்னும் சரியாகவில்லை, ரைபிள்தான் காரணம் என்றார். எனக்கும் அதுவே ஆசை. அக்கா அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம் என்றார். ரைபிள் என்றால் வேறு யார் சுட்டாலும் அதே போல் சொல்லாத இடத்தில் ஒன்று போக வேண்டும். கண் என்றால் போகாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

"நீ சுடு, தம்பி. பாக்க முதல் சொல்லு. நான் எழுதுறன்."

மணல் மூட்டைக்குப் பின்னால் போய்ப் படுத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியின் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். நான் பார்க்கக் கூடாது என்பதற்கு மட்டுமில்லை, தானும் பார்க்கக் கூடாது என்பதற்கு. மற்றக் கையில் பென்சில். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்லிச் சுட்டேன். பத்து. பத்து. ஒன்பது, ஆறு மணி. நான் சொல்ல, அவர் எழுத, பிறகு கையை எடுத்துப் பார்க்க. எல்லாம் ஒத்துப்போயிற்று. ஐந்து முடிந்தது.

ஆறாவது தோட்டாவுக்கு விசையை இழுக்கும்போது செயலாளர் நாற்காலியை நகர்த்தினார். சத்தத்தில் என் தோள் அசைந்தது. விசை விடுபட்ட கணத்தில் குறி மேலே வலது பக்கம் நழுவியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். எட்டு. இரண்டு மணி. அக்காவின் தோட்டா போன அதே இடம்.

அந்த ஒரு விநாடியை நான் எத்தனையோ முறை பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நான் பத்து என்று சொல்லிவிட்டால் போதும். அட்டை எட்டு என்று காட்டும், சொல்லாத இடத்தில் போயிற்று, ஆகவே ரைபிள்தான் கோளாறு என்று ஆகிவிடும். அக்காவின் கண்ணுக்குக் குறை இல்லை, அவர் இடம் அவருக்கே. நான் முறுக்கிய ஸ்க்ரூவும் மன்னிக்கப்பட்டுவிடும், பிறவியிலேயே கெட்ட துப்பாக்கியை யார் முறுக்கினால் என்ன? ஜெர்மனிக்காரன் வேறு ஒன்று அனுப்புவான். எல்லோருக்கும் நல்லது. ரைபிள் வாய் திறந்து பேசாது. என் குறி எங்கே நின்றது என்று இந்த உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் வந்துவிட்டிருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவருக்காக ஒரு பொய் சொல்ல மனசு துடித்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கை தொலைநோக்கியை மூடியிருந்தது. பென்சில் நுனி இடது பக்கம், 'சொன்னது' என்பதற்குக் கீழே, ஆறாவது வரியில் நின்றது. அதை எங்கே நகர்த்தச் சொன்னாலும் அது நகரும். நான் என்ன சொன்னாலும் அவர் நம்புவார். நான் பொய் சொல்லக்கூடும் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. காலையில் அத்தனை நேரம் நான் மறைத்தது தெரிந்த பிறகும் இல்லை.

"எட்டு. ரெண்டு மணி" என்றேன்.

எழுதினார். கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அந்தச் சட்டைப் பொத்தான் வட்டத்துக்கு வெளியே, வலது மேல் பக்கம், நான் சொன்ன இடத்தில் அந்த ஓட்டை இருந்திருக்க வேண்டும். அவர் நிமிர்ந்தபோது கண்ணில் லேசாக ஈரம் இருந்தது. வெயிலாகவும் இருக்கலாம் என்று சொல்லி நான் மழுப்பப் போவதில்லை. அது கண்ணீர்தான்.

"ஓம்" என்றார். "சரியாச் சொன்னாய்."

வலது பக்கமும் அதையே எழுதிவிட்டு, அடுத்த தோட்டாவுக்காக மறுபடி தொலைநோக்கியைக் கையால் மூடிக்கொண்டார்.

மிச்ச நாலையும் சுட்டேன். எல்லாம் சொன்னபடியே விழுந்தன. அக்கா காலையில் பாதியில் நிறுத்திய அறிக்கைத் தாளை எடுத்து, ரைபிளில் குறை இல்லை, சுட்டவர் கண்ணில் குறை என்ற வரியை முடித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு அணிப் பட்டியலில் தன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று என்னிடம் கேட்டுக் கேட்டு, என் முழுப் பெயரையும் அதற்குப் பக்கத்தில் எழுதினார்.